பறவை இல்லாத நாளில் வந்தவர்கள்

பல் மருத்துவமனையின் வாசலோரம் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தேதி கொடுப்பதுதான் அவளுடைய வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே தடித்த நோட்டு, ஒரு பக்கம் சாய்ந்துபோன அதே சுழல் நாற்காலி. சொந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது. தேதியம்மா என்று கேட்டால் பேப்பர் போடுகிறவர்கூட வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அவள் கொடுத்த தேதி தப்பாது. "அன்னைக்குப் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கா? வெளியூர்ப் பயணம் எதுவும் இருக்கா? மறுநாள் யாராச்சும் விருந்தாளி வர்றாங்களா?" என்று நாலா பக்கமும் விசாரித்த பிறகுதான் பேனாவையே திறப்பாள். தாடையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது ஒரு தேதி போடுங்கம்மா" என்று கெஞ்சுகிறவர்களிடம், "ஏதாவது ஒரு தேதின்னு ஒண்ணு கிடையாதுப்பா" என்பாள்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு தேதியில் வழுக்கி விழுந்தாள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஊரின் தாழ்ந்த பக்கத்தில், லாரிகள் நிறுத்தும் கான்கிரீட் முற்றமும் தேதியம்மா குடியிருந்த தெருவும் சேரும் மூலையில் ஒரு சதுப்பு நிலம். அந்த முற்றமும் ஒரு காலத்தில் சதுப்பாக இருந்ததுதான். மண்ணைக் கொட்டி மூடி, மேலே கான்கிரீட் போட்டார்கள். அன்றிலிருந்து நல்ல மழை பெய்தால் அந்தத் தெருவில் கட்டிலுக்கு அடியில் செருப்பு மிதக்கும். மிச்சமிருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று ஒன்பது பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்குச் சேற்றுக் கட்சி என்று பெயர் வைத்தார்கள். குழாய் வேலை செய்யும் பைப்பு அண்ணன் தலைவர். தேதியம்மா செயலாளர்.

நிலத்தைக் காக்கும் உள்ளூர்க் குழுக்களுக்கு அரசாங்கத்தில் அப்போது ஒரு திட்டம் இருந்தது. குழு பாதி போட்டால் அரசு பாதி போடும். அதை வைத்துத்தான் கிழக்குப் பாதியை வாங்கினார்கள். மேற்குப் பாதி மரக்கடைக்காரருடையது. அவர் கெட்டவர் இல்லை. "உங்களுக்கே கொடுக்கறேன், ஆனா எத்தனை காலம் காத்திருக்கிறது? லாரிக்காரங்க தினமும் விலை கேட்டு வந்து நிக்கிறாங்க" என்பார். இந்த நேரம் பார்த்து அரசின் திட்டம் காலாவதியாகும் தறுவாயில் இருந்தது. நீட்டிப்பதா, நிறுத்துவதா என்று பார்த்துச் சொல்ல மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழுவைப் போட்டார்கள். நாடு முழுக்க மூன்றே மூன்று இடம் பார்ப்பார்கள். அதில் ஒன்று இந்தச் சேறு.

ஆய்வுக் குழுவின் அதிகாரி தொலைபேசியில் கேட்டார், "உங்களுக்கு எந்தத் தேதி வசதிங்க?"

தேதி என்றதும் அவளுக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. மேசை டிராயரைத் திறந்து பறவை நோட்டை எடுத்தாள். சேற்றுக் கட்சி ஞாயிறுதோறும் போய்ப் பறவைகளை எண்ணி எழுதுகிற நோட்டு அது. எந்த வாரம் நாரை வரும், எந்த வாரம் முட்டையிடும், குஞ்சு எப்போது இறக்கை விரிக்கும், எல்லாம் அதில் இருந்தது. முட்டை இருக்கிற நேரத்தில் பத்துப் பேர் திமுதிமுவென்று போய் நின்றால் தாய்ப்பறவை எழுந்து ஓடிவிடும். வெயில் பட்டு முட்டை வீணாகும். ஆகவே கடைசிக் குஞ்சும் பறந்துபோய், எந்த உயிருக்கும் தொந்தரவில்லாத ஒரு வெள்ளிக்கிழமையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள்.

குழுவில் சொன்னபோது ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். "தங்கச்சி மாதிரி யோசிக்க ஆள் கிடையாது" என்றார் பைப்பு அண்ணன். வேறு யாராக இருந்தாலும் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி, ஒன்பது வருடம் பறவைக்காகவே காலண்டர் பார்த்துப் பழகிய அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது அவள் வீட்டுக்காரருக்குத் தோன்றியது. பஸ் டிப்போவில் மெக்கானிக் அவர். சேற்றுக் கட்சியில் சேராதவர். அந்த நிலத்தை "என் சக்களத்தி" என்றுதான் சொல்வார். ஆய்வுக் குழு வருவதற்கு எட்டு நாள் முன்னால், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமையா அவங்க வர்றது?"

"ஆமா."

"வந்து என்னத்தைப் பாப்பாங்க?"

"நம்ம நிலத்தை."

"அங்க இப்ப என்ன இருக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அவளுக்கே புரிந்தது. தண்ணீர் வற்றி ஒரு மாதமாகிறது. நாணல் காய்ந்து கிடக்கிறது. பறவை ஒன்றுகூட இல்லை. இல்லாத நாளாகப் பார்த்துத்தான் அவளே தேதி கொடுத்திருக்கிறாள்.

"என்னங்க, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"உங்க கட்சியில நான் உறுப்பினரா?" என்றார் அவர். அவள் முகத்தில் ஈயாடவில்லை என்பதைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். "சரி, சரி. போன் போட்டு மாத்திக் கேளு. கேட்டா கொடுத்துட்டுப் போறாங்க."

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தொலைபேசியை எடுத்தாள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"மத்த ரெண்டு ஊருக்கும் தேதி கொடுத்தாச்சுங்க. உங்க ஊரைப் பார்த்த மறுவாரமே அறிக்கை எழுத உட்காரணும். இந்தத் தேதி நீங்களே சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதாங்க."

"அப்ப வர்றோம். வெச்சிடட்டுங்களா?"

இதே வார்த்தைகளை எத்தனை நோயாளிகளிடம் சொல்லியிருப்பாள். இத்தனை வழவழப்பாகச் சொன்னால்கூட உறைக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை பைப்பு அண்ணன் கடையில் கூடினார்கள். சுவரெல்லாம் வளைவுக் குழாயும் வால்வும் தொங்குகிற கடை. உட்கார இடம் கிடையாது, பிளாஸ்டிக் தொட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். நடந்ததை அவளே சொன்னாள். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"பறவை போட்டோவையெல்லாம் பெருசா அடிச்சு வரிசையா நட்டுடலாம்" என்றார் அச்சகக்காரர். "செலவு என்னோடது."

"கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும்யா" என்றார் தையல்காரர். "கோழிப் பண்ணையில சொல்லி நாப்பது வாத்து வாடகைக்கு எடுப்போம். தூரத்துல இருந்து பார்த்தா யாருக்குத் தெரியும்?"

"தண்ணியே இல்லாத இடத்துல வாத்து என்ன பண்ணும், நடைப்பயிற்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். தேதியம்மாவும் சிரித்தாள், சிரித்து முடிந்ததும் மனசு இன்னும் கனத்தது. ஒரு தேதியில் அந்த நிலம் மட்டும் போகப் போவதில்லை. இதைப் போல எங்கெங்கோ காட்டுக்கும் குளத்துக்கும் காவல் நிற்கிற குழுக்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் திட்டம்தான் கை கொடுக்கிறது. அவர்கள் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. எண்ணப் பறவை இல்லாவிட்டாலும் பழக்கதோஷத்தில் அவளும் பைப்பு அண்ணனும் போய் நின்றார்கள். வெடித்த தரை கண்ணுக்கெட்டிய வரை கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் கை நுழையும். அண்ணன் பிளாஸ்கைத் திறந்து டீ குடித்தார். அடியில் மிச்சமிருந்த ஆறிப்போன டீயைத் தரையில் வீசினார். அது விழுந்த இடமே தெரியவில்லை.

"அண்ணே, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொடுங்க."

ஒரு வெடிப்பில் பாட்டிலைக் கவிழ்த்தாள். தரை நனைந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. லாரி முற்றத்துக் காவலாளியிடம் ஒரு வாளி இரவல் வாங்கி, அங்கிருந்த குழாயில் பிடித்துக் கொண்டுவந்து ஊற்றினாள். களுக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு வாளி. இன்னொன்று. ஏழாவது வாளியோடு காவலாளி, "அம்மா, வீட்டுல சண்டையா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

பைப்பு அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "டேங்க் காலியா இருக்கு தங்கச்சி. மழைக்கு முந்தி காலியாத்தான் இருக்கணும். நிறைஞ்ச டேங்க்ல போய் மோட்டார் போட்டா தண்ணி எங்க போகும்? மாடிப்படி வழியா வீட்டுக்குள்ளதான்."

"இதை வாளியில காட்டினா போதுமாண்ணே?"

"போதாது. அவங்க கார்ல வர்றவங்க. பெருசாக் காட்டணும்."

அவளுக்கு உடனே ஒரு ஆள் நினைவுக்கு வந்தான். கட்டட வேலைக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். ஆறடி உயரம், பலாமரம் மாதிரி கை. பல் பிடுங்குவதற்கு மட்டும் குழந்தை மாதிரி பயப்படுவான். மூன்று தேதி கொடுத்து மூன்றிலும் தப்பியோடியவன். அங்கேயே நின்றபடி அவனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, வெள்ளிக்கிழமை காலையில ஒரு லோடு தண்ணி வேணும். கட்டடத்துக்குக் கொண்டுபோறியே, அந்தத் தண்ணி போதும்."

"கொண்டாந்துடறேன். எத்தனாவது மாடிக்கும்மா?"

"மாடி இல்ல. தரையில கொட்டணும்."

"அம்மா, உடம்பு கிடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அந்தக் கடைவாய்ப் பல்லு விஷயமா…"

"அதைப் பத்தி நான் பேசவே இல்லையேப்பா."

"நீங்க பேசாம இருக்கும்போதுதான் பயமா இருக்கு. சரி, வர்றேன்."

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. தலைவி கறுப்புக் கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண்மணி. கூட ஒரு பொறியாளர், தொப்பிக்காரர். மூன்றாவது ஆள், தேதியை மாற்றித் தர மறுத்த அதே அதிகாரி; கையில் கோப்பு, காலில் பளபளவென்ற ஷூ. மரக்கடைக்காரரும் வந்து, ஒரு குடையை விரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அச்சகக்காரர் யார் சொல்லியும் கேட்கவில்லை, ஒரே ஒரு நாரைப் படத்தை நட்டு வைத்திருந்தார். காய்ந்த தரையில் அது தனியாக நின்றது பார்க்கப் பாவமாக இருந்தது.

தலைவி அந்தப் படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நூத்துக்கணக்கில பறவை வரும்னு விண்ணப்பத்தில எழுதியிருக்கீங்க. எங்க?"

"பார்த்தா தரிசு மாதிரி இருக்கு" என்றார் பொறியாளர்.

மற்றவர்கள் தேதியம்மாவைப் பார்த்தார்கள். நான்கு பக்கம் எழுதி வைத்திருந்த உரை கைப்பையில் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

"தேதி கொடுத்தது நான்தாங்க. பறவை இருக்கிறப்ப வந்தா முட்டைக்கு ஆகாதுன்னு, அது இல்லாத நாளாப் பார்த்துக் கொடுத்துட்டேன். நீங்க வந்தா என்னத்தைப் பாப்பீங்கன்னு அப்ப நினைச்சுப் பாக்கல."

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எங்களைவிட உங்களுக்குப் பறவைதான் முக்கியம்?"

"அன்னைக்கு அப்படித்தான் தோணுச்சு. இப்பவும் அது தப்புன்னு தோணலைங்க. ஆனா இவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு ஒண்ணும் காட்டாம அனுப்ப மாட்டோம். கொஞ்சம் இப்படி வாங்க."

எல்லோரையும் பக்கத்துக் கான்கிரீட் முற்றத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் லாரி அங்கே தயாராக நின்றது. "கால்வாசி மட்டும், தம்பி" என்றாள். அவனுக்கோ படபடப்பு, வால்வை ஒரே திருகாகத் திருகிவிட்டான். தண்ணீர் கான்கிரீட்டில் பாய்ந்து, அதிகாரியின் ஷூவை ஒரு சுற்று சுற்றிவிட்டு, சரிவைப் பிடித்துத் தெருவை நோக்கி ஓடியது. பின்னாலேயே எல்லோரும் நடந்தார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் ஏறியதும் உள்ளேயிருந்து துடைப்பத்தோடு ஒரு பெண் வந்தாள்.

"மழையே இல்ல, அதுக்குள்ள வெள்ளமா? எந்தப் புண்ணியவான் வேலை இது? … ஐயோ, தேதியம்மா, நீங்களா?"

"நான்தான்மா. கோவிச்சுக்காத. வருஷா வருஷம் வர்ற வழியை இவங்களுக்குக் காட்டினேன்."

"காட்டுங்க, காட்டுங்க" என்றாள் அவள், ஆட்களை ஏற இறங்கப் பார்த்து. "போன மழையில என் தையல் மெஷின் முழுகினதையும் சேர்த்துச் சொல்லுங்க." சொல்லிவிட்டு அவளும் துடைப்பத்தோடு கூடவே கிளம்பிவிட்டாள்.

மிச்சம் முக்கால் லாரித் தண்ணீரையும் சதுப்பில் விடச் சொன்னாள் தேதியம்மா. தடித்த குழாய் துள்ளியது. பைப்பு அண்ணன் அதைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கொட்டியது. பரவும், இதோ பரவும் என்று அதிகாரி இரண்டடி பின்வாங்கி நின்றார். அது பரவவில்லை. வெடிப்பு வெடிப்பாக உள்ளே இறங்கியது. நூறு பேர் ஒரே நேரத்தில் தாகத்துக்குக் குடிப்பது போல, தரைக்கு அடியிலிருந்து களுக் களுக் என்று சத்தம் மட்டும் கேட்டது. பொறியாளர் முதலில் குனிந்தார், பிறகு முழங்கால் போட்டார், பிறகு தொப்பியை வைத்துவிட்டு ஒரு வெடிப்புக்குள் கையை விட்டார். முழங்கைவரை போயிற்று.

"இன்னும் விடுங்க" என்றார்.

"அவ்வளவுதான் சார். தீர்ந்துபோச்சு" என்றான் லாரிக்காரன்.

பொறியாளர் சேற்றுக் கையோடு எழுந்தார். "மொத்தமா எவ்வளவு பிடிக்கும் இது?"

பைப்பு அண்ணன் ஒன்பது மழைக்காலத்து நீர்மட்டத்தையும் விரல் நுனியில் வைத்திருந்தார். எந்த வருடம் எந்த அடையாளக் கம்பம் வரை, எத்தனை நாளில் வற்றியது, மேற்குப் பாதியும் சேர்ந்தால் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போனார். பொறியாளர் அதிகாரியின் கோப்பைப் பிடுங்காத குறையாக வாங்கி, சேற்றுக் கையாலேயே குறித்துக்கொண்டார்.

தலைவி தேதியம்மாவின் பக்கம் திரும்பினார். "என்ன வேணும் உங்களுக்கு? சுருக்கமாச் சொல்லுங்க."

"திட்டத்தை நிறுத்தாதீங்க. இது முதல். ரெண்டாவது, விண்ணப்பம் போட்டா பதில் வரப் பதினெட்டு மாசம் ஆகுது. அதோ குடை பிடிச்சு நிக்கிறாரே, அவர் மாதிரி நல்ல மனுஷங்ககூட அத்தனை நாள் காத்திருக்க முடியாது. நாள் கணக்கு ஒண்ணு வெச்சுப் பதில் சொல்லுங்க. மூணாவது, இதைக் காலிமனைன்னு எழுதி வரி போடுறாங்க. இது சும்மாக் கிடக்கிற மனை இல்லைங்க. இத்தனை வீட்டுக்கும் சேர்த்து வேலை செய்யுது."

"விதியில அதுக்கு இடமில்லீங்க" என்றார் அதிகாரி, ஈர ஷூவை உதறிக்கொண்டே.

"விதி சரியா இருக்கான்னு பார்க்கத்தானே நம்மள அனுப்பியிருக்காங்க" என்றார் தலைவி. அதற்கு மேல் அவர் ஒரு வாக்குறுதியும் கொடுக்கவில்லை. கார் கிளம்பும்போது பொறியாளர் மட்டும் கண்ணாடியை இறக்கி இன்னொரு முறை பார்த்தார்.

அப்புறம் இரண்டு மாதம் எந்தச் சேதியும் இல்லை. தேதியம்மா வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள். "அவங்க அறிக்கை எழுதுற நேரம்" என்று வீட்டுக்காரர் சமாதானம் சொல்வார். மரக்கடைக்காரர், "பட்ஜெட் அன்னைக்கு வரைக்கும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

பட்ஜெட் அன்று மருத்துவமனைக் கூடத்தில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் ஓடும் எழுத்துகளை அவள் தேதி எழுதிக்கொண்டே பார்த்தாள். எதிரே நின்ற பெரியவர் இரண்டு முறை இருமினார். நிலப் பாதுகாப்புக் குழுக்களுக்கான நிதித் திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிப்பு. விண்ணப்பங்களுக்குத் தொண்ணூறு நாளில் பதில். வரிச் சலுகை பரிசீலனையில்.

"அம்மா, எனக்கு என்னைக்கு?" என்றார் பெரியவர்.

"என்னைக்கு வேணும்னாலும் வாங்கய்யா" என்றாள் தேதியம்மா. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பதில் அந்த மேசையிலிருந்து வந்ததில்லை. உள்ளேயிருந்து டாக்டரே எட்டிப் பார்த்தார்.

சாயங்காலம் மரக்கடைக்காரர் நேரே மருத்துவமனைக்கு வந்து, காத்திருந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். "தொண்ணூறு நாள்தானே? அது காத்திருக்கலாம். லாரிக்காரங்ககிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார். அவள் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அவருக்குக் கொடுக்கப்போய், தானே குடித்துவிட்டாள்.

மறுநாளே விண்ணப்பம் போட்டார்கள்; பதில் எண்பத்தாறாம் நாள் வந்தது. மேற்குப் பாதி எழுதி வாங்கிய வாரமே மழையும் பிடித்துக்கொண்டது. இரண்டு பாதிக்கும் நடுவில், மரக்கடைக்காரரின் அப்பா காலத்தில் போட்ட உயரமான மண்வரப்பு ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் போகாமல் அதுதான் தடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் மண்வெட்டியோடு போனார்கள். பத்தாவதாக மெக்கானிக்கும் வந்தார்.

"நீங்க உறுப்பினர் இல்லையே" என்றாள் தேதியம்மா.

"மண்வெட்டிக்கு உறுப்பினர் சந்தா கேக்குறீங்களா? இடுப்பு ஒடியுது இங்க" என்றார் அவர்.

கிழக்கில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வரப்பு மெலியத் தொடங்கியதும் முதலில் நூல் மாதிரி ஒரு கசிவு. தையல்காரர் அவசரப்பட்டு அதில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். அவர் விழுந்த வேகத்திலேயே மிச்ச மண்ணும் சரிந்தது. தண்ணீர் மேற்கே போனது. காய்ந்த வெடிப்புகள் ஒவ்வொன்றாய் அடைபட்டுக்கொண்டே வந்தன. மழை வலுத்தும் யாரும் கிளம்பவில்லை.

"தெருவுக்குள்ள வருதான்னு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"பாத்துட்டு வாங்க" என்றாள் அவள்.

நனைந்தபடி போனவர் கால் மணி நேரத்தில் திரும்பினார். தூரத்திலேயே கையைத் தூக்கி இல்லை என்று காட்டினார்.